மெல்பாவின் ஆறு டாட்ஜ்

கடலோர ஊர் ஒன்றில் பெண்கள் கால்பந்து அணி இருந்தது. அதில் ஏழாம் நம்பர் சட்டை மெல்பாவுடையது. பந்தோடு ஒரு பக்கம் போவதுபோலக் காட்டிவிட்டு மறுபக்கம் பறப்பாள். ஆட்டக்காரர்கள் அதை டாட்ஜ் என்பார்கள். தோளைச் சாய்ப்பது, பந்தின் மேல் காலைச் சுழற்றுவது, அடிப்பதுபோல ஓங்கி நிறுத்துவது என்று அவளிடம் ஆறு வகை இருந்தன.

அந்த ஆறும் லீக் ஆட்டத்தில் ஒருத்தியிடம் பலிக்கவில்லை. பக்கத்து ஊர் அணியில் தடுத்தாடும் ஜெனிஷா எதற்கும் அசையாமல் நின்றாள்; வந்த பந்தை எடுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம். எதிரணியும் அதே அணி.

"இந்தத் தடவையும் அவகிட்ட மாட்டினா, சட்டையைக் கழற்றி வேற புள்ளைக்குக் கொடுக்க வேண்டியதுதான்" என்று அணியின் கமிட்டிக்காரர் சொல்லிவிட்டார்.

மெல்பா பயிற்சியாளர் பிரிஸ்காவிடம் போனாள். பிரிஸ்காவும் சில வருடம் முன்புவரை தடுத்தாடியவள்தான். முட்டி போனதால் ஆட்டத்தை விட்டவள்.

"அக்கா, ஏழாவதா ஒரு டாட்ஜ் சொல்லித் தாங்க."

"இருக்கிற ஆறுக்கு என்ன ஆச்சு?"

"ஜெனிஷாவுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு."

பிரிஸ்கா துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டாள். நொண்டியபடி போய் மணலில் நின்றாள்.

"என்னைத் தாண்டிப் போ, பாப்போம்."

மெல்பாவுக்குச் சிரிப்பு வந்தது. "வேண்டாம்க்கா. முட்டியில பட்டிரும்."

"முட்டி எனக்குத்தானே? உனக்கென்ன? வா ஏட்டி."

மெல்பா தோளைச் சாய்த்துக் காட்டிவிட்டுப் போனாள். பந்து பிரிஸ்காவின் காலில் முட்டியது. காலைச் சுழற்றிப் பார்த்தாள். அதுவும் முட்டியது. கடைசி வித்தைக்கு மெல்பாவே அக்காவின் மேல் மோதி, இருவரும் மணலில் உருண்டார்கள்.

"கட்டுக்குள்ளே கண்ணு தெரியுதா அக்கா?"

"நீ கட்டிப் பாரு."

"பிறகு எப்பிடி?"

"நான் எங்க நின்னேன்?"

மெல்பா திரும்பிப் பார்த்தாள். அக்காவின் காலடிகள் ஒரே இடத்தில் குழிந்து கிடந்தன. "எனக்கு வலப்பக்கத்துல."

"அவ்வளவுதான் செய்தேன். நீ இடப்பக்கம் நிஜமாப் போனது எப்ப?"

மெல்பா தன் இடது காலைப் பார்த்தாள். சின்ன வயதில் அவள் இடது காலால் அடித்த பந்து ஒன்று கடலுக்குள் போய்விட்டது. அதை எடுத்துவரக் கட்டுமரம் இறக்க வேண்டியிருந்தது. அவள் இடது காலைத் தூக்கினாலே "கட்டுமரம் ரெடியா?" என்று ஊர் கேட்கும். அதன்பின் அவள் அந்தக் காலால் பந்தைத் தொட்டதில்லை.

"அந்தக் கால் சரிவராதுக்கா. நிக்கத்தான் லாயக்கு."

"அப்ப நிக்கட்டும்." பிரிஸ்கா எழுந்து மணலைத் தட்டினாள். "ஜெனிஷாவும் நிப்பா."

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. முதல் பாதி முழுக்க மெல்பா இடப்பக்கம் காட்டினாள், வலப்பக்கம் போனாள். அங்கே ஜெனிஷா பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றிருந்தாள்.

இடைவேளையில் கமிட்டிக்காரர் பிரிஸ்காவிடம் வந்தார். "ஆளை மாத்துங்க டீச்சர்."

"கொஞ்ச நேரம் பாக்கலாம்" என்றாள் பிரிஸ்கா. மெல்பாவின் கையில் ஒரு ஆரஞ்சுச் சுளையை வைத்தாள்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. பந்து மெல்பாவிடம் வந்தது. ஜெனிஷா வழக்கமான இடத்தில் நின்றாள். இடப்பக்கம் மைதானத்து மூலையில் நட்ட கொடிக்கம்பு வரைக்கும் வெறும் மணல். மெல்பா அதை அன்றுதான் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

இடது காலால் பந்தைத் தள்ளினாள். ஓடினாள். அவளைத் தடுக்க யாருமில்லை. கோலுக்கு முன்னால் அனுப்ப ஓங்கி அடித்தாள். பந்து கோலுக்கு மேலே, கூட்டத்துக்கு மேலே எழும்பிக் கடலைப் பார்த்துப் போனது.

"எறக்குங்கடா கட்டுமரத்தை!"

ஊரே சிரித்தது. மெல்பாவின் காது சுட்டது. தலையைக் குனிந்தபடி திரும்பி வந்தாள். வரும்போது ஜெனிஷாவைக் கவனித்தாள். ஜெனிஷா மட்டும் சிரிக்கவில்லை. நின்ற இடத்தையும் கொடிக்கம்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீண்டும் பந்து வந்தது. மெல்பா இடது தோளை லேசாகச் சாய்த்தாள். ஜெனிஷா அந்தப் பக்கம் பாய்ந்தாள். வலப்பக்கம் கதவு திறந்ததுபோல இருந்தது. மெல்பா உள்ளே போய்க் கோல் அடித்தாள்.

அந்த ஒரு கோலில் ஆட்டம் முடிந்தது. கமிட்டிக்காரர் சட்டையைப் பற்றிப் பேசவில்லை. சோடா வாங்கப் போய்விட்டார்.

பிரிஸ்கா மணலில் உட்கார்ந்து முட்டியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மெல்பா பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"அக்கா, நான் புதுசா ஒண்ணும் செய்யலையே. சின்னப் புள்ளையில படிச்ச டாட்ஜ்தான். லீக்ல அசையாதவ இன்னைக்கு எப்பிடிப் பாய்ஞ்சா?"

"உங்கிட்ட எத்தனை டாட்ஜ் இருக்குன்னு சொன்னே?"

"ஆறு."

"இல்ல ஏட்டி" என்றாள் பிரிஸ்கா. "இன்னைக்குத்தான் உனக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு."