அரைப்படி விளக்கெண்ணெய்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஆண்ட அரசருக்குப் பசி வந்தால் நீதி மறந்துபோகும். ஒருநாள் விசாரணை நீண்டு சோறு ஆறிப்போன கோபத்தில் புதுச் சட்டம் போட்டார். "இனி என் அரண்மனையில் எதைத் தீர்மானித்தாலும் மூன்று பேர் கூடித் தீர்மானிக்கட்டும். சம்பந்தப்பட்டவர் வெளியே நிற்க வேண்டும். அவரிடம் எதுவும் சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது!"

தலைமை வைத்தியர் சாரங்கதரருக்கோ கரும்பு தின்னக் கூலி கிடைத்தது போலாயிற்று. ஊரே மருத்துவச்சி செங்கமலத்தின் கைராசியைத் தேடிப் போக, இவர் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் மீது புகார் எழுதியவரும் இவரே, தீர்ப்புச் சொன்ன மூவரில் ஒருவரும் இவரே. மற்ற இருவர் வைத்தியர்களான இவருடைய மைத்துனர்கள். மறுநாள் உச்சிப்பொழுதில் அவளுடைய மருந்துப் பெட்டியை எரித்து, அவளை நாடு கடத்துவதென்று முடிவாயிற்று.

செங்கமலம் அரண்மனை விகடகவி மாசிலாமணியிடம் அழுதாள். "என்ன தப்புப் பண்ணினேன்னு சொல்லிட்டாவது துரத்தக் கூடாதா சாமி? எட்டுப் பொண்ணுங்க நிறைமாசமா இருக்காங்க."

மறுநாள் காலை அரசர் முறுக்கைக் கடித்தார். கடைவாய்ப்பல் ஒன்று பாதி பெயர்ந்து தொங்கியது. அலறியவரை மாசிலாமணி பக்கத்து அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினான்.

"வைத்தியமும் ஒரு தீர்மானம்தான், மன்னா. சம்பந்தப்பட்டவர் தாங்கள். சட்டப்படி வெளியே!"

வைத்தியர்கள் மூவரும் ஓடிவந்தார்கள். "ஐயோ, அம்மா" என்ற சத்தம் மட்டும் கேட்டது.

"நேற்று பலாப்பழம் உண்டார். வயிறுதான்" என்றார் சாரங்கதரர்.

"வயிறேதான்" என்றார்கள் மைத்துனர்கள்.

அரைப்படி விளக்கெண்ணெய் என்று தீர்ப்பாயிற்று. ஊரில் இருந்த ஒரே விளக்கெண்ணெய்ச் செக்கு சாரங்கதரருடையது.

மாசிலாமணி குடத்தோடு அரசரிடம் போனான். "குடியுங்கள், மன்னா."

"அட மடையா, வலி பல்லிலே! என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால்..."

"அதைத்தான் செங்கமலமும் சொல்கிறாள், மன்னா."

அரசர் குடத்தை முகர்ந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிவைத்தார். உடனே செங்கமலத்தை வரவழைத்து, அவள் முன்னே புகாரைப் படித்துக்காட்டச் சொன்னார். பௌர்ணமியன்று பகலெல்லாம் படைத்தலைவர் வீட்டில் இருந்து, அவர் மனைவிக்குத் தவறான கஷாயம் கொடுத்தாளாம்.

செங்கமலம் வாயைப் பிளந்தாள். "பௌர்ணமியன்னிக்கு விடிஞ்சதுலேருந்து இளவரசியம்மா பிரசவத்துக்கு இங்கேதானே கிடந்தேன், மகாராசா? பேரப்புள்ளைய உங்க கையில கொடுத்தது யாரு?"

அரசருக்கு வெட்கமாகப் போய்விட்டது. சாட்சியே அவர்தான். வெட்கம் கோபமாக மாற, "அந்த அரைப்படியையும் இந்தச் சாரங்கதரன் வாயில் ஊற்றுங்கள்!" என்று கத்தினார்.

மாசிலாமணி குறுக்கே நின்றான். "பொறுங்கள், மன்னா. அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம்."

சாரங்கதரர் அரசர் காலில் விழுந்தார். "வேண்டாம் மன்னா! அது என் செக்கு எண்ணெய். அதை மனிதர் குடிப்பார்களா?"

சபை வெடித்துச் சிரித்தது. அரசர் சிரித்த சிரிப்பில் தொங்கிய பல் தானே விழுந்தது. சாரங்கதரரின் பதவியும் கூடவே போயிற்று. சட்ட ஓலை அடுப்புக்கும், அரசர் கழுத்து முத்துமாலை மாசிலாமணிக்கும் போய்ச் சேர்ந்தன.

செங்கமலம் மட்டும் சிரிக்க நிற்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எட்டு வீட்டில் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.