கருப்புத் திரை

குருவைவிடச் சீடனுக்கு இரண்டு பங்கு வயது. ஆனாலும் திட்டு வாங்குகிறவன்தானே சீடன்!

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ரெஜினாவிடம் தொழில் படிக்க வந்திருந்தார் இசக்கிமுத்து. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முன்னால் போகிற வண்டி கொஞ்சம் தயங்கினால் போதும், ஹாரனை அமுக்கிவிடுகிற கை. ஆள்தான் ஓய்வு பெற்றார், கை பெறவில்லை.

வீட்டில் இருக்க முடியாமல்தான் இங்கே வந்தார். மனைவி பேச்சியம்மாளுக்குப் பக்கவாதம் வந்து, கைகால் தேறிவிட்டது, வாய் தேறவில்லை. ஒரு சொல்லைத் தேடி எடுக்க அவளுக்கு நேரமாகும். அதற்குள் "தண்ணியா? மாத்திரையா?" என்று இவர் முந்திக்கொள்வார். ஒத்தாசை என்றுதான் நினைத்தார், பாவம். கொஞ்ச நாளில் அவள் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். பேரிலேயே பேச்சை வைத்திருந்தவள்! ஊர்வாயை எல்லாம் அடைத்தவள்! இப்போது இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான். தனியாக இருப்பதைவிட அது கொடுமையாக இருந்தது அவருக்கு. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ரெஜினாவிடம் வீட்டு நிலவரத்தைச் சொல்லியிருந்தார்.

சோறு ஆனதும் அவள் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். இவர் கட் பண்ணிவிட்டுக் கிளம்புவார். அவ்வளவுதான் குடித்தனம்.

அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினார்.

"புது மெமரிம்மா. அட்டையில போட்டிருக்கிற வேகம் வரமாட்டேங்கு. மந்தமாத்தான் ஓடுது."

"செட்டிங்கை மாத்தினியளா?"

"மாத்தினேன். மாத்தினதும் திரை கருப்பாயிருது. செத்துப்போச்சு."

"பெறவு?"

"பெறவு என்ன, அமுக்கி அணைச்சிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் கருப்பு. அணைச்சேன், போட்டேன். கடைசியில உசிர் வந்துச்சு, ஆனா பழைய வேகம்தான். வித்தவன் நம்ம தலையில நல்லா மிளகா அரைச்சிட்டான்."

ரெஜினா செட்டிங்கை மாற்றிவிட்டு மறுபடி போட்டாள். திரை கருப்பானது. இசக்கிமுத்துவின் கட்டைவிரல் தன்னால் பொத்தானுக்குப் போயிற்று.

"அண்ணாச்சி, ரெண்டு கையையும் நீட்டுங்க."

நீட்டினார். பொடி ஸ்குரூக்கள் நிறைந்த தட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"சிந்திராம பிடிச்சுக்கிடுங்க."

திரை கருப்பாகவே இருந்தது. பெட்டிக்குள் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"உள்ள ஒண்ணுமே நடக்கலியேம்மா."

"நடக்கு. புது மெமரியும் போர்டும் இப்பதான் பழகுது. எப்படிச் சொன்னா பிசகாம கேக்கும்னு சொல்லிச் சொல்லிப் பாக்கு."

"நடுவுல அணைச்சா?"

"மொதல்ல இருந்து ஆரம்பிக்கும்."

"திரும்பத் திரும்ப அணைச்சா?"

"இது நமக்கு ஒத்துவராதுன்னு பழைய மந்தத்துக்கே போயிரும்."

தட்டில் ஸ்குரூக்கள் கிலுகிலுத்தன.

ஒரு வழியாகத் திரை வெளிச்சமானது. அட்டையில் போட்டிருந்த அதே வேகம். ரெஜினா தட்டை வாங்கி வைத்தாள். இசக்கிமுத்து திரையைப் பார்க்கவே இல்லை.

அவருடைய பட்டன் போன் அடித்தது. வீட்டிலிருந்து. கட் பண்ணாமல் எடுத்துக் காதில் வைத்தார்.

"பேச்சி..."

பதில் இல்லை. ஃபேன் சத்தம் கேட்டது. 'சோறா' என்று கேட்க வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். இன்னும் பதில் இல்லை.

போனைக் காதிலிருந்து இறக்கினார்.

"ஒண்ணும் கேக்கலியேம்மா. நான் ரொம்பத் தாமசமாயிட்டனோ?"

ரெஜினா அவர் கட்டைவிரலைப் பார்த்தாள். அது சிவப்புப் பட்டன் மேல் இருந்தது.

"கையை எடுங்க அண்ணாச்சி. உள்ள நடந்துக்கிட்டு இருக்கு."