நாற்றங்காலில் ஒரு கொள்கை

நந்திபுரத்து மன்னர் வீரகேசரிக்குக் கோபம் வருவது பெரும்பாலும் பகல் உணவுக்குச் சற்று முன்புதான். அமைச்சர் பிரமராயர் இதை நன்றாக அறிந்தவர். போரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அந்த வேளையைத்தான் தேர்ந்தெடுப்பார்.

அன்று அவர் பேசியது ஏழூர் நாட்டைப் பற்றி. மேற்கே இருக்கும் அந்த நாட்டுக்கு மன்னர் கிடையாது. ஏழு ஊராரும் ஓலையில் பெயர் எழுதிப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஏரி அவர்களுடையது. அதன் கால்வாய் ஏழு ஊரையும் நனைத்துவிட்டு நந்திபுரத்து வயல்களில் வந்து முடியும். பழைய தலைவர் ஒழுங்காகத் தண்ணீர் விட்டார். போன வாரம் சாத்தப்பர் என்ற புதியவர் வந்துவிட்டார். நந்திபுரத்து நாற்றுகளோ நடவுக்குக் காத்திருந்தன.

"இந்தச் சாத்தப்பரின் கொள்கை என்ன?" என்றார் மன்னர்.

அமைச்சர் ஓலைக்கட்டைப் பிரித்தார். "நாற்பத்தொரு கொள்கை, மன்னா. முதல் ஊரில் 'தண்ணீர் எல்லோருக்கும் பொது' என்றிருக்கிறார். இரண்டாம் ஊரில் 'ஒரு சொட்டும் எல்லை தாண்டாது' என்றிருக்கிறார். மூன்றாம் ஊரில் இரண்டையுமே சொல்லியிருக்கிறார். எனக்கென்னவோ அடைக்கத்தான் போகிறார் என்று படுகிறது. முந்திக்கொண்டு யானைகளை அனுப்பி மதகை உடைத்துவிடுவோம்."

கூத்தன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அரண்மனையில் அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. சிக்கல் வந்தால் மட்டும் எல்லோரும் அவர் பக்கம் திரும்புவார்கள்.

"மதகை உடைத்தால் ஏரி இரண்டே நாளில் காலியாகிவிடும், மன்னா. பிறகு அவர்களுக்கும் நடவு இல்லை, நமக்கும் இல்லை."

"அப்படியானால் நீரே போய்ப் பார்த்து வாரும். தண்ணீர் விடுவாரா, மாட்டாரா? மூன்று நாளில் ஒரே பதில் வேண்டும். இல்லையென்றால் படை புறப்படும். முதல் யானையின் மேல் நீர்தான் உட்கார்ந்திருப்பீர்."

கூத்தனுக்கு யானையின் மேல் பக்தி உண்டு. அது நூறு முழம் தள்ளி நின்று கும்பிடுகிற பக்தி. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஏழூருக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை சாத்தப்பர் வீட்டுக் கூடத்தில் கூத்தனுக்கு ஒரு மூலையில் உட்காரப் பலகை போட்டார்கள். முதல் ஊர்க்காரர்கள் வந்தார்கள்.

"முதல் தண்ணீர் உங்களுக்குத்தான்" என்றார் சாத்தப்பர். வாயெல்லாம் சிரிப்பு. அவர்கள் கும்பிட்டுவிட்டு முன்வாசல் வழியாகப் போனார்கள். அவர்கள் தெரு முனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டுப் பக்கவாசலைத் திறக்கச் சொன்னார். இரண்டாம் ஊர்க்காரர்கள் உள்ளே வந்தார்கள்.

"முதல் தண்ணீர் உங்களுக்குத்தான்."

உச்சி வேளைக்குள் ஐந்து ஊர்கள் முதல் தண்ணீர் வாங்கிக்கொண்டு போயின. கூத்தன் மெல்ல எழுந்தார். "ஐயா, எங்கள் மன்னருக்கு?"

சாத்தப்பர் மனம் நொந்தவர்போல் பார்த்தார். "இதைக் கேட்கவும் வேண்டுமா? முதல் தண்ணீர் உங்களுக்குத்தான்."

கூத்தனுக்கு யானையின் முதுகு கண்ணில் தெரிந்தது. குடிக்க ஏதாவது தேடிக் கொல்லைப்புறம் நடந்தார். அங்கே சாத்தப்பரின் மனைவி உமையாள் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தாயே, கொஞ்சம் மோர் கிடைக்குமா?"

மோரைக் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "அவரு பேசுறதையா காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க? பாவமே."

"எல்லோருக்கும் முதல் தண்ணீர் கிடைக்கிறது, தாயே. ஊரே கொடுத்துவைத்தது."

"எங்க வயலுக்குத்தான் கடைசித் தண்ணி. தலைவராகாதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டாரா?"

கூத்தன் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். "தலைவர் வயலுக்கா கடைசித் தண்ணீர்?"

"அது எங்க தாத்தா காலத்து வழக்கம். எவனோ ஒரு தலைவன் தன் வயலை மட்டும் நனைச்சுக்கிட்டானாம். அதிலேர்ந்து கால்வாய்ல இருக்கிற அத்தனை வயலும் நனைஞ்ச பிறகுதான் தலைவர் வயலுக்கு மடை திறப்பாங்க. உங்க நாட்டு வயலும் சேர்த்துத்தான். அதுவரைக்கும் தண்ணி பாய்ச்சுற ஆளு எங்க வரப்புல காலே வைக்க மாட்டான்."

"இந்த வருஷம் விதைத்திருக்கிறீர்களா?"

"நாத்துக்கு இருபத்திரண்டு நாளாச்சு. கிணத்துத் தண்ணி நாத்தங்காலுக்கே காணல. அடுத்த வெள்ளிக்கு நடவாளுக்கு வேற சொல்லியாச்சு. அதுக்குள்ள தண்ணி வரலைன்னா இந்த வீட்டுல அவருக்குச் சோறு கிடையாது. அதையும் சொல்லியாச்சு."

கூத்தன் இரண்டாவது செம்பு மோரை நிதானமாக ருசித்துக் குடித்தார். பிறகு ஒரு நாற்றுமுடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் சபையில் யானைகளுக்கு முகபடாம் கட்டுகிற சத்தம் கேட்டது. கூத்தன் ஈரம் சொட்டும் நாற்றுமுடியை மன்னர் முன்னால் வைத்தார்.

"இதுதான் சாத்தப்பரின் கொள்கை, மன்னா. மற்ற நாற்பத்தொன்றும் பேச்சு. தண்ணீர் விடுவார்." உமையாள் சொன்ன வழக்கத்தை விளக்கினார். "நம் வயல் நனையாமல் அவர் வயல் நனையாது. அவர் வயல் நனையாவிட்டால் அடுத்த வெள்ளியிலிருந்து அவருக்குச் சாப்பாடு இல்லை."

மன்னர் நாற்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பகல் உணவு வேளை என்பதால் கடைசிக் காரணம் அவருக்குச் சட்டென்று விளங்கியது.

பிரமராயர் விடவில்லை. "தலைவர் ஆயிற்றே, அந்த வழக்கத்தையே மாற்றிவிட்டால்?"

"மாற்றலாம், பிரமராயரே. அதற்கு ஏழு ஊராரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துச் சம்மதம் கேட்க வேண்டும். அதுவும் அங்கே வழக்கம்தான்."

"உட்கார வைக்கட்டுமே. அதில் என்ன கஷ்டம்?"

"ஒரு கஷ்டமும் இல்லை. உட்கார்ந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவார்கள். 'உங்களுக்கு எந்தத் தண்ணீர் என்றார்?' என்று முதல் ஊர்க்காரர் இரண்டாம் ஊர்க்காரரைக் கேட்பார். சாத்தப்பர் பட்டினியைக்கூடத் தாங்கிக்கொள்வார், ஐயா. அந்த ஒரு கேள்வியைத் தாங்க மாட்டார்."

மன்னர் சிரித்த சிரிப்பில் நாற்று கையிலிருந்து நழுவி அமைச்சர் மடியில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தனின் கழுத்தில் போட்டார்.

"முகபடாத்தை அவிழ்க்கச் சொல்லுங்கள்" என்றார். "நடவுக்கு ஆள் சொல்லுங்கள்."