ஏழாவது மனு

“இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்வேன் டீச்சர்?” என்று கேட்டார் தணிகைநாதன்.

தலைமையாசிரியை வெள்ளையம்மாள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சத்துணவு ஆயாவுக்குக் காய்ச்சல். பிள்ளைகளுக்கு அன்று அவர்தான் சோறாக்க வேண்டும்.

“எழுதுங்க சார்” என்றார்.

“எழுதிட்டேன். ஆறு மனு.”

“அப்ப ஏழாவது எழுதுங்க.”

தணிகைநாதனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த மலையில் கேள்வி கேட்க வேறு ஆள் கிடையாது.

புளியங்கொல்லைத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டு பேர். பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். அறை இரண்டு, அதில் ஒன்று மழைக்கு ஆகாது. கீழே தார் ரோடு முடியும் இடத்திலிருந்து பதினோரு கிலோமீட்டர் காட்டுப் பாதையில் ஏறி வர வேண்டும். போனில் மணி பார்க்கலாம், பேச முடியாது.

டீச்சருக்கு முப்பத்து மூன்று வயது. ஒன்பது வருடமாக இங்கேதான் இருக்கிறார். தணிகைநாதனுக்கு ஐம்பது. வந்து எட்டு மாதம். வயதில் சின்னவரிடம் போய் நின்று வழி கேட்க வேண்டியிருக்கிறதே என்று ஆரம்பத்தில் கூசினார். பிறகு அந்தக் கூச்சமும் போய்விட்டது.

அவருக்கு நடந்தது அநியாயம்தான். அதில் சந்தேகமே இல்லை.

கீழே அவர் வேலை பார்த்த பள்ளியில் புது வகுப்பறை கட்டினார்கள். திறப்பு விழா முடிந்த மூன்றாம் மாதம் கூரை பெயர்ந்து பெஞ்சுமேல் விழுந்தது. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. சிமெண்டு என்று சொல்லி வெறும் மணலைப் பூசியிருக்கிறார்கள் என்று தணிகைநாதன் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். பதினைந்தே நாளில் உத்தரவு வந்தது, அவருக்கு. நிர்வாக நலன் கருதி மாற்றம் என்று போட்டிருந்தது.

யாருடைய நலன் என்று கேட்கக் கூடாது. கூரை போட்டவர் இன்னும் கீழேதான் இருக்கிறார். அடுத்த பள்ளிக்கும் அவர்தான் கூரை போடுகிறார். கூரையைப் பற்றி எழுதியவரை மலை ஏற்றிவிட்டார்கள். கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது, அவருக்கு எப்படி இருக்கும்?

கல்வி இலாகாவில் புளியங்கொல்லை என்றால் ஊர்ப் பெயர் இல்லை. மிரட்டல். “ஒழுங்கா இருக்கியா, இல்ல புளியங்கொல்லைக்கு அனுப்பட்டுமா?” என்று கேட்பார்கள். கேட்டதும் எதிரில் இருப்பவர் சிரிப்பார். அந்த ஊரிலும் ஜனங்கள் பிறந்து வளர்கிறார்கள் என்பது ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

ஒருநாள் தணிகைநாதன் சொன்னார்.

“டீச்சர், எனக்குச் சோறு இறங்கல. தூக்கம் வரல. அவ்வளவு கோபம்.”

“எவ்வளவு சார்?”

“இந்த மலை அளவுக்கு.”

வெள்ளையம்மாள் நிமிர்ந்து மலையைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார்.

“பத்தாது சார்” என்றார்.

இது என்ன பதில்? தணிகைநாதன் அன்று முழுக்க அதை மென்றுகொண்டிருந்தார். கேலி செய்கிறாரா? பைத்தியமா? கோபத்தை அடக்கு என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்?

ஒன்று சொல்ல வேண்டும். கோபக்காரரே தவிர, பாடம் நடத்த உட்கார்ந்தால் மனுஷன் விடமாட்டார். அவர் வந்தபோது நாலாம் வகுப்பில் பூவரசி என்ற பெண் இருந்தாள். எழுத்துக் கூட்டுவாள், ஆனால் கஷ்டமான வரி வந்தால் நைசாகத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவாள். அவளை உட்கார வைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து, மாதக்கணக்கில் படிக்க வைத்தார். இப்போது பூவரசி ஐந்தாம் வகுப்பு. செய்தித்தாள் கிடைத்தால் பொட்டலம் கட்டிய துண்டைக்கூட விடமாட்டாள்.

ஏழாவது மனு தயாரானது.

இதுவரை ஆறு மனுவையும் தணிகைநாதன் தாமே கீழே கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். இந்த முறை ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மனு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அன்றோடு இடமாறுதல் கலந்தாய்வுக்குப் பெயர் பதிவது முடிகிறது. தவறினால் இன்னும் ஒரு வருடம் இதே மலை.

வியாழக்கிழமை கீழே சந்தை. பூவரசியின் அம்மா காசியம்மாள் சாமையும் புளியும் மூட்டை கட்டிக்கொண்டு இறங்குவாள். பள்ளிக்கூடத் தபாலையும் அவள்தான் எடுத்துப் போவாள். காலையில் மூட்டையோடு வந்து வாசலில் நின்றாள்.

தணிகைநாதன் ஒட்டிய உறையை நீட்டினார்.

காசியம்மாள் கையை நீட்டவில்லை.

“படிச்சுக் காட்டுங்க சார்.”

“எதை?”

“உள்ள இருக்கிறதை.”

“இது ஆபீஸ் கடிதம்மா. சொந்த விஷயம்.”

“அப்ப நீங்களே கொண்டு போயிருங்க.”

தணிகைநாதனுக்குச் சுர்ரென்று ஏறியது. “டீச்சர், இது என்ன அக்கிரமம்?” என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

வெள்ளையம்மாள் வெளியே வந்தார்.

“இந்த ஊர் வழக்கம் சார். படிச்சுக் காட்டாத காகிதத்தை யாரும் தொட மாட்டாங்க.”

“எதுக்கு இப்படி ஒரு வழக்கம்?”

“முன்னால ஒரு வாத்தியார் இருந்தாரு. இதே மாதிரி ஒட்டின கவர் ஒண்ணைக் குடுத்தாரு. இந்த அக்காவோட அப்பாதான் கொண்டுபோனாரு. நல்ல மழை. கவர் நனையக் கூடாதுன்னு தலைத்துண்டுல சுத்தி, அவரு நனைஞ்சுக்கிட்டே போயிக் குடுத்துட்டு வந்தாரு.”

“சரி?”

“இவ்வூரில் படிக்கப் பிள்ளைகள் இல்லை, பள்ளியை மூடிவிடலாம்னு அதுல எழுதியிருந்துச்சு. வாத்தியாருக்குக் கீழ போகணும், அவ்வளவுதான். ரெண்டு மாசத்துல வந்து பூட்டுப் போட்டாங்க. நாலு வருஷம் கழிச்சுத்தான் மறுபடி தொறந்தாங்க.”

காசியம்மாள் மூட்டையை இறக்கி வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“எனக்கும் அதே சட்டம்தான் சார்” என்றார் வெள்ளையம்மாள். “வயித்துப்போக்குன்னு லீவு லெட்டர் எழுதினேன். அதையும் ஊரைக் கூட்டிப் படிச்சுக் காட்டித்தான் அனுப்பினேன்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். தணிகைநாதன் சிரிக்கவில்லை. வேறு வழியும் இல்லை. உறையைக் கிழித்தார். படிக்க ஆரம்பித்தார்.

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் கடந்த எட்டு மாதங்களாக மேற்கண்ட பள்ளியில் பணிபுரிந்து வருகிறேன். நான் செய்யாத குற்றத்துக்காக இங்கே மாற்றப்பட்டுள்ளேன்...”

குரல் கணீரென்று போனது. காசியம்மாள் தலையாட்டிக் கேட்டாள். பூவரசி அம்மாவிடமிருந்து நகர்ந்து, அவர் கைக்குக் கீழே வந்து, எட்டிக் காகிதத்தைப் பார்த்தாள்.

“ஆகவே, என்னை இவ்விடத்திலிருந்து விடுவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான்” என்று மடித்தார்.

“சார்” என்றாள் பூவரசி.

“என்ன?”

“நடுவுல தாண்டிட்டீங்க.”

அவர் முகம் வெளிறியது. பூவரசிக்கு அதெல்லாம் தெரியவில்லை. சார் ஒரு வரியை விட்டுவிட்டார், அதை எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

“குடு, நீ படி” என்றாள் காசியம்மாள்.

தணிகைநாதன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவர் கையிலிருந்து காகிதத்தை வாங்கிப் பூவரசியிடம் கொடுத்தார்.

பூவரசி விரலை வைத்துப் படித்தாள்.

“இது மனிதர் வாழத் தகுந்த இடமன்று. சாலை இல்லை. மின்சாரம் பெயருக்குத்தான். மருத்துவர் இல்லை. பாம்பு கடித்தால் சாவதைத் தவிர வழியில்லை. இங்குள்ள குழந்தைகள் மந்தமானவர்கள். இவர்களுக்கு எழுத்தறிவிப்பது வீண் வேலை.”

ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

“மந்தமானவர்கள்னா என்ன சார்?”

தணிகைநாதன் முதல் மாதக் கொதிப்பில் முதல் மனுவில் எழுதியது அது. அப்புறம் ஒவ்வொரு மனுவையும் முந்தியதைப் பார்த்துப் பார்த்து எழுதினார். அந்த வரியும் கூடவே வந்துகொண்டிருந்தது.

“உன்னையத்தான் சொல்றாரு. உனக்குப் படிப்பு ஏறாதாம்” என்றாள் காசியம்மாள்.

பூவரசி காகிதத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“நான் இப்பப் படிச்சேனே?”



காசியம்மாள் திட்டுவாள் என்று தணிகைநாதன் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

“ரோடு இல்லன்னு இருக்கா?” என்று மகளைக் கேட்டாள்.

“இருக்கும்மா.”

“நெசந்தான். பாம்பு கடிச்சா?”

“சாவதைத் தவிர வழியில்லை.”

“அதுவும் நெசம். போன ஆடியில சின்னானைத் தொட்டில் கட்டித் தூக்கிட்டு ஓடினோம். பாதி வழியிலயே போயிட்டான்.” அவள் தணிகைநாதன் பக்கம் திரும்பினாள். “எல்லாம் கண்ணால பார்த்து எழுதியிருக்கீங்க சார். மனுசன் இருக்கிற எடம் இல்லங்கறீங்க. ஆகவே என்னை மட்டும் எடுங்கன்னு முடிச்சிட்டீங்க. அப்ப முப்பத்தாறு வீட்டுல இருக்கிற நாங்க என்ன சார், ஆடா மாடா?”

“அப்படி இல்லம்மா...”

“கீழ ஒரு கூரை விழுந்துச்சாமே. உங்க தலையில விழல. அந்தப் பிள்ளைங்க தலையில விழுந்திருக்குமேன்னு நீங்க எழுதினீங்களாம். டீச்சரம்மா சொல்லி ஊரே பேசிச்சு. அப்படிப்பட்ட ஆளு நம்ம ஊருக்கு வர்றாருன்னு அன்னிக்குக் கோழி அடிச்சோம் சார், ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. தண்டனைக்கு வந்தவனுக்கு விருந்தா என்று எரிச்சலோடு தின்றதும் ஞாபகம் இருந்தது.

“அந்தப் பிள்ளைங்களுக்கு எழுதின கைதானே இது? இந்தப் பிள்ளைங்களுக்கு ஏன் வரல?”

தணிகைநாதன் வெள்ளையம்மாளிடம் திரும்பினார்.

“டீச்சர், நீங்களாவது ஏதாவது சொல்லுங்க.”

வெள்ளையம்மாள் மேசை இழுப்பறையிலிருந்து பள்ளி முத்திரையை எடுத்தார். மையில் ஒற்றினார். மனுவின் அடியில் அழுத்தமாகக் குத்தினார். மடித்தார். புது உறையில் போட்டுக் காசியம்மாளிடம் நீட்டினார்.

“அனுப்பறீங்களா?” என்றார் தணிகைநாதன்.

“நீங்க எழுதினதுதானே சார்?”

“படிச்சாச்சு, கொண்டு போறேன்” என்றாள் காசியம்மாள். “வெயிலுக்கு முன்னால எறங்கணும்.”

உறையை இடுப்பில் செருகினாள். மூட்டையைத் தலையில் ஏற்றினாள். போய்விட்டாள்.

டீச்சர் உள்ளே போய் ஒன்பதாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தார். இருபத்தொரு குரல் கேட்டது. பூவரசி மட்டும் வாசலிலேயே நின்றாள். அவர் இன்னும் ‘மந்தம்’ என்றால் என்னவென்று சொல்லவில்லை.

தணிகைநாதன் அந்த முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதமும் வந்தது கோபமே இல்லை என்கிற மாதிரி வந்தது. கூரைக்காரன்மேல், உத்தரவு போட்டவன்மேல், பூட்டுப் போட்டவன்மேல், பாதி வழியில் செத்துப்போன சின்னானுக்காக, எல்லோரையும்விடத் தம்மேல்.

காலைப் பற்றி யோசிக்கவில்லை. ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு பாதையில் இறங்கினார். ஒவ்வொரு அடிக்கும் உயிர் போனது. வேங்கை மரத்தடி வரைக்கும் இறங்கியதும் கத்தினார்.

“காசியம்மா! நில்லும்மா!”

அவள் நின்றாள். அவர் நொண்டி நொண்டிப் போய்ச் சேர்ந்து கை நீட்டினார். அவள் உறையை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே இருந்த மனுவை அவர் நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதே பையில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, அங்கிருந்த பாறைமேலேயே காலை நீட்டி உட்கார்ந்தார்.

“சொல்லும்மா. எழுதறேன்.”

“என்னத்தைச் சொல்ல?”

“எதை மொதல்ல எழுதணுமோ அதை.”

காசியம்மாள் மூட்டையை இறக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்ட அன்னிக்கு” என்று சொன்னாள், “நான் ரெண்டாங் கிளாஸ் சார்.”