தாழப் பாயும் வேளை

அன்று செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்தவர்கள்: தலைவி நப்பின்னை அம்மையார்; வடக்கு மேசையில் சேந்தன்; தெற்கு மேசையில் அறவாழி. வேறு ஒருவரும் இல்லை. தென்கடல் தீவின் அந்தக் குன்றுக்கு வேறு யார் வரப்போகிறார்கள்?

வானில் ஓரிடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்கள் வடகோடித் தீவுகளுக்குப் பயன்படா. அங்கிருந்து பார்த்தால் அவை அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். ஆகவே அந்த மக்களுக்காக மூன்று கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றின. ஒவ்வொன்றும் வடக்கே மிக உயரத்தில் மணிக்கணக்காகத் தயங்கி நிற்கும். தெற்கே தாழ்ந்து வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாய்ந்து மறையும்.

உயரத்தில் நிற்கும் கோள் சேந்தனின் பொறுப்பு. தீவு மருத்துவர்களும் மீனவர்களும் அதன்வழியே பேசுவார்கள். அவர்களுடைய குரல்கள் கடலடிக் கம்பியில் அவனை வந்தடையும். அவன் பெயர் சொல்லி வாழ்த்தும். தாழப் பாயும் கோள் அறவாழியின் பொறுப்பு. அவனை யாரும் வாழ்த்தியதில்லை.

அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். அம்மையார் சேந்தனின் நாற்காலியருகே பொழுதெல்லாம் நின்று பேசுவதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

அன்று வாய்விட்டே கேட்டான்.

“அவனுக்குச் சாறு, எனக்குச் சக்கையா அம்மா? அவனிடம் காலை முதல் பேசுகிறீர்கள். என்னைக் கடக்கும்போது ஒரு சொல். சில நாள் அதுவும் இல்லை.”

“கோள் எங்கே மெதுவாகச் செல்கிறது?” என்று கேட்டார் அம்மையார்.

“உச்சியில்.”

“உச்சி என்றால்?”

“பூமியிலிருந்து மிகத் தொலைவில். இது தெரியாமலா இத்தனை ஆண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன்? நான் கோளைப் பற்றிக் கேட்கவில்லை.”

“என்ன வேண்டும் உனக்கு?”

“வடக்கு மேசை.”

“எடுத்துக்கொள். சேந்தா, நீ தெற்கே போ.”

சேந்தனின் முகம் வெளிறியது. “இப்போதா அம்மா? இன்று உந்துதல் இருக்கிறதே!”

இருந்தது. ஒரு கோளின் உச்சி, தீவுகளை விட்டு விலகத் தொடங்கியிருந்தது. அது தாழப் பாயும் சில நிமிடங்களுக்குள் உந்துபொறியை இயக்கினால் உச்சி தன் இடத்துக்குத் திரும்பும். தவறினால், நாளை அதன் முறை வரும்போது தீவு மருத்துவமனைகள் ஊமையாகிவிடும்.

அம்மையார் தெற்கு நாற்காலியைக் காட்டினார். இருவரும் இடம் மாறினார்கள்.

அறவாழி ஹெட்போனை மாட்டி வணக்கம் சொன்னான். வடக்கே மற்றொரு கோள் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.

“சேந்தன் ஐயாவா? குரல் கணீரென்று கேட்கிறது. நீங்கள் நன்றாயிருக்க வேண்டும்!” என்றாள் எங்கோ ஒரு செவிலி.

“நான் அறவாழி.”

“யாராயிருந்தால் என்ன ஐயா! நன்றாயிருங்கள்.”

அவன் திரும்பிப் பார்த்தான். தெற்குத் திரையில் கோள் எழுந்துவிட்டது. சேந்தனின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது, இறங்கவில்லை.

“எண்கள் சரிதானா அம்மா?”

அம்மையார் சன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவறட்டுமே, என்றது அறவாழியின் நெஞ்சு. இவன் இலட்சணம் ஒருமுறையாவது அவருக்குத் தெரியட்டும்.

“அம்மா, சரிதானா?”

கோள் தலைக்கு மேலே வந்தது.

அறவாழி ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். ஓடினான். சேந்தனை நாற்காலியோடு ஒதுக்கித் தள்ளினான். எண்களை ஒரு பார்வை பார்த்தான். அழுத்தினான்.

திரையில் வேகக் கோடு வேண்டிய அளவுக்கு ஏறி நின்றது. கோள் கடந்து மறைந்தது.

சேந்தன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: “காலையில் இதைத்தானே கேட்டேன் அம்மா?”

“எதைக் கேட்டாய்?” என்றான் அறவாழி.

“‘அறவாழியை ஒரு சொல்லோடு விட்டுவிடுகிறீர்கள்; என் நாற்காலியை விட்டு மட்டும் ஏன் நகர மறுக்கிறீர்கள்?’ என்று. எத்தனை நாள்தான் வயிறெரிவது?”

“அம்மா என்ன சொன்னார்?”

“கோள் எங்கே மெதுவாகச் செல்கிறது என்று கேட்டார்.”

அறவாழி தெற்குத் திரையைத் திரும்பிப் பார்த்தான்; மிக அருகே வந்தபோதுதான் கோள் பாய்ந்து கடந்திருந்தது.

அம்மையார் சன்னலை விட்டு நகர்ந்தார். அறவாழியைக் கடந்து, ஒரு சொல்லும் சொல்லாமல், வெளியே சென்றார்.