யானைச் சம்பளம் கேட்ட முயல்

ஒரு காட்டில், ஆலமரங்கள் நெருங்கி நின்ற இடத்தில், ஆலம்பட்டணம் என்ற நகரம் இருந்தது. துள்ளப்பன் என்ற முயல் அங்கே வேலை தேடிப் புறப்பட்டது. பாவம், மழையில் அதன் வளை இடிந்துவிட்டது. மனைவியும் குட்டிகளும் மாமனார் வளையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். மாமனாரோ சாப்பிட உட்காரும்போதெல்லாம், “மாப்பிள்ளை எப்போ வீடு பார்க்கப் போறாராம்?” என்று சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பட்டணத்தில் கரும்புத் தோட்டக் கரடிக்கு ஒரு காவலாள் தேவைப்பட்டது. ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. சம்பளத்தை வேலைக்கு வருகிறவரே சொல்ல வேண்டும். ஒருமுறைதான் சொல்லலாம், பிறகு மாற்ற முடியாது.

குறைத்துக் கேட்டு ஏமாந்துவிடுவோமோ என்று துள்ளப்பனுக்குப் பயம். வழியில் பார்த்த எறும்பை நிறுத்தியது.

“இந்த ஊர்ல வசதியா வாழ எவ்வளவு சம்பளம் வேணும்?”

“ஒரு நாளைக்கு ஒரு நொய்யரிசி. அதுலயும் பாதி மிச்சம் பிடிக்கலாம்.”

‘சரியான கஞ்சம்!’ என்று முணுமுணுத்தபடி துள்ளப்பன் யானையிடம் போனது.

“தினம் பத்துக் கட்டுக் கரும்பு சம்பளம் வாங்குறேன்பா. அதுவே கையைக் கடிக்குது” என்று யானை பெருமூச்சு விட்டது.

துள்ளப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பெரிய ஆளுக்கே போதவில்லையா! தோட்டத்து மேட்டில் காய்ந்த வளைகள் சும்மா கிடந்தன. அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய்க் கரடியின் முன் நின்றது.

“தினம் பதினொரு கட்டுக் கரும்பு!”

விற்காத கரும்பு தோட்டத்தில் காய்ந்துகொண்டிருந்த கவலையில் இருந்தது கரடி. “சரி. ஆனா அன்னன்னிக்கே எடுத்துட்டுப் போயிடணும்” என்றது.

முதல் நாள் கூலி வந்தது. துள்ளப்பன் ஒரு கட்டைப் பல்லால் கவ்வி இழுத்தது. கட்டு அசையவில்லை, பல்தான் அசைந்தது.

“நான் தூக்கிட்டு வரட்டுமா?” என்றது அந்தப் பக்கம் வந்த யானை. “தூக்குகூலி பத்துக் கட்டு.”

வேறு வழி? மீந்த ஒரு கட்டை மாமனார் வளை முன்னால் யானை பொத்தென்று போட்டது. வாசல் அடைபட்டுப்போனது.

“வீடு பார்க்கச் சொன்னா, என் வீட்டை அடைக்கிறீங்களே மாப்பிள்ளை!” என்று உள்ளேயிருந்து மாமனார் கத்தினார்.

கரும்பின் இடுக்கில் மனைவியின் மூக்கு மட்டும் தெரிந்தது. “மேட்டுல ஒரு வளையும் ரெண்டு வேளைக் கீரையும் கேட்டிருக்கக் கூடாதா? நமக்கு என்ன வேணும்னு யானைக்கு எப்படிங்க தெரியும்?”

துள்ளப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

யானை கரும்பை மென்றுகொண்டே சொன்னது: “இப்பதாம்பா இந்த ஊர்ல வசதியா இருக்கு. நாளைக்கும் வரட்டுமா?”

நீதி: அடுத்தவர் வயிற்றை அளந்து கூலி கேட்டால், நம் வயிறு நிறையாது.