கண் சோதனைத் தாளைக் கிடா தின்ற கதை

கோணக்கரை என்றொரு ஊர். அங்கே விவரமானவர்களும் இருந்தார்கள். இந்தக் கதையில் அவர்களுக்கு வேலை இல்லை.

அந்த ஊர்த் தையல்காரர் சங்கிலிபூதத்தானுக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன மாதம் தலையாரிக்கு அவர் தைத்துக் கொடுத்த கால்சட்டையில் மூன்று கால் இருந்தது. "ஒண்ணு கிழிஞ்சா இன்னொண்ணு இருக்கட்டுமேன்னுதான்" என்று சமாளித்துவிட்டார். ஆனால் இப்போது வந்திருப்பது சமாளிக்கிற காரியமில்லை. ஒரே மகள் செண்பகவல்லிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைச் சட்டையைத் தன் கையால் தைக்க வேண்டும் என்று, மகள் பிறந்ததிலிருந்து அவருக்கு ஆசை. துணியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதேவிட்டார்.

"அழுதா புரை கரைஞ்சிருமா? ஆபரேசன் பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா துணியை டவுன் டெய்லர்ட்ட குடுத்துருவேன்" என்றாள் மனைவி பேச்சியம்மாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். புரையை எடுத்துவிட்டு உள்ளே ஒரு செயற்கை லென்ஸ் வைப்பார்களாம். அதில் பல விதமாம்.

"உங்க அண்ணன்மார் மூணு பேருக்கும் மூணு விதமா வச்சிருக்கு. ஒப்பிட்டுப் பாத்துட்டு, எது வேணும்னு நாளைக்கு வந்து சொல்லுங்க. ஆனா ஒழுங்கா ஒப்பிடணும். எல்லாருக்கும் ஒரே நிலைமை இருக்கணும். சோதிக்கிறவருக்கு முன்னால நிக்கிறது யாருன்னே தெரியக்கூடாது. தெரிஞ்சா பட்சபாதம் வந்துரும்."

பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டார்.

பெரியண்ணன் இசக்கிக்கு வைத்தது தூரப்பார்வை லென்ஸ். மலைக்கோயில் கொடி தெரியும், காப்பியில் விழுந்த ஈ தெரியாது. நடு அண்ணன் குத்தாலத்துக்குக் கிட்டப்பார்வை லென்ஸ். எறும்புக்குக் கால் எண்ணுவார். மின்கம்பத்தைப் பார்த்து, "சௌக்கியமா மாமா?" என்பார். சின்னண்ணன் ஆவுடைக்கு இரண்டும் தெரிகிற உசத்தி லென்ஸ். என்ன ஒன்று, விளக்கைச் சுற்றி ஒளி வட்டம் தெரியும். எதிரே வரும் மோட்டார் சைக்கிளை எல்லாம் சாமி என்று நினைத்து, நடுரோட்டில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

"இதுல ஒப்பிட என்ன இருக்கு? ஊசி கோக்கிற மனுசனுக்கு நடு அத்தானுக்கு வச்சதை வச்சா முடிஞ்சுது" என்றாள் பேச்சியம்மாள்.

அண்ணன் தம்பி நால்வரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இவளுக்கு விஞ்ஞானம் என்ன தெரியும்!

கண் முகாமில் மிஞ்சிய எழுத்துத் தாள் ஒன்று இசக்கியிடம் இருந்தது. முகாமில் அரைநாள் அதன் எதிரிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து மூன்று அண்ணன்மாருக்கும் அது மனப்பாடம். மைதாப் பசையை வழிய வழியத் தடவி, அதை வீட்டுச் சுவரில் ஒட்டினார்கள். பக்கத்தில் கட்டியிருந்த தாடிக்காரக் கிடா பசை வாசம் பிடித்து எழுந்து நின்றது.

"முன்னால நிக்கிறது யாருன்னு எனக்குத் தெரியக்கூடாதாம். தொப்பையை வச்சே உங்களைக் கண்டுபிடிச்சிருவேனே" என்றார் பூதத்தான்.

"கண்ணைக் கட்டிக்கோலே" என்றார் இசக்கி.

"குரலு காட்டிக் குடுத்துருமே?"

"மூணு பேரும் சேந்தே படிக்கோம்" என்றார் குத்தாலம். "எது யாரு குரலுன்னு எவன் பிரிக்க முடியும்?"

ஆவுடை நெற்றியைச் சுருக்கினார். "எல்லாருக்கும் ஒரே நிலைமைன்னாங்கல்லா? அவன் கண்ணைக் கட்டிட்டு நாம மட்டும் திறந்து வச்சிருந்தா எப்படி?"

இசக்கி துள்ளி எழுந்தார். தம்பியைக் கட்டிக்கொண்டார். "எங்கம்மா பெத்ததுல நீதாம்லே அறிவாளி!"

அது உண்மையாகவும் இருக்கலாம்.

நாலு துண்டு, எட்டுக் கண். கட்டி முடித்ததும் மூன்று பேரும் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். "ட... ப... ம... ர... ய..." கடைசி வரி முடிந்து, கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயர் வரைக்கும் ஒப்பித்துவிட்டார்கள். ஒரு எழுத்து பிசகவில்லை.

கட்டை அவிழ்த்தால் சுவர் வெறுஞ்சுவர். கிடா மென்றுகொண்டிருந்தது.

"நீங்க வாயைத் திறக்கும் முன்னாடியே அது முழுங்கிட்டுய்யா!" என்று பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பூதத்தானுக்குப் புல்லரித்தது. "ஏ அண்ணே! கண்ணையும் கட்டியாச்சு, தாளும் இல்லை. அப்படியும் படிச்சிருக்கீயளே!"

"கிடா வயித்துக்குள்ள போனதையில்லா படிச்சிருக்கோம்லே!" என்றார் இசக்கி, தன் கண்ணைத் தானே தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு. "மூணு லென்ஸும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்லை. எதை வேணாலும் வச்சுக்கோ. ஆனா துண்டும் கிடாவும் கூடவே இருக்கணும், பாத்துக்கோ."

எதுவானாலும் சரி என்று பூதத்தான் சொன்னதும், தையல்காரர்தானே என்று டாக்டரம்மாவே கிட்டப்பார்வை லென்ஸை ஒரு கண்ணில் வைத்துவிட்டார். மறுநாள் கட்டைப் பிரித்தபோது பூதத்தான் கத்திவிட்டார். "அம்மா! உங்க கோட்டுப் பொத்தான்ல நூல் தொங்குது! நூலு! என் கண்ணுக்கு நூலு தெரியுது!" இனி மாப்பிள்ளைச் சட்டையை ஜமாய்த்துவிடலாம்.

"லே, பொறு" என்றார் வாசலில் நின்ற இசக்கி. "துண்டு இல்லாம நாம சோதிக்கவே இல்லையே. கல்யாணக் காரியம். எதாவது ஏறுக்கு மாறா ஆயிட்டுன்னா?"

மகள் வாழ்க்கையில் விளையாடலாமா? பூதத்தான் அந்த இடத்திலேயே துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டார். டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து துண்டோடு, கிடாவைப் பக்கத்தில் கட்டிக்கொண்டு, இராப்பகலாகத் தைத்தார்.

முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை சட்டைக்குள் தலையை விட்டார். தலை வெளியே வரவில்லை. சட்டைக்குக் கழுத்தே இல்லை! பெண்ணையும் பார்க்க முடியாமல், மூச்சும் விட முடியாமல் உள்ளேயிருந்து அவர் அலற, மாப்பிள்ளை வீட்டார் பந்தலை விட்டுக் கிளம்ப எழுந்துவிட்டார்கள். நல்லவேளை, சட்டைக்குப் போட்ட கஞ்சி வாசம், பந்தல் காலில் கட்டியிருந்த கிடாவுக்கு எட்டியது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்து, கழுத்து இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றிக் கடித்துத் தின்றது. மாப்பிள்ளை முகம் வெளியே வந்தது. செண்பகவல்லி சிரித்துவிட்டாள். கெட்டிமேளம் முழங்கியது.

மேளச் சத்தம் கேட்டதும் பூதத்தானுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "பாத்தியா பேச்சி, அளவு கச்சிதம்!" என்று, கண்ணில் கட்டிய துண்டோடு மாலையை எடுத்துப் போய்ப் போட்டார். இரண்டு கையாலும் முகத்தைத் தடவித் திருஷ்டி கழித்தார். கண்ணீர் துண்டை நனைத்தது.

"நூறு வருசம் நல்லா இருங்க மாப்பிள்ளை" என்றார் கிடாவிடம். "கல்யாணத்தன்னைக்காவது அந்தத் தாடியை எடுத்திருக்கலாம்."